செயின் சத்தம்

“என் வண்டி வர்றது தெருவுக்கே கேக்குது. இன்னிக்கு நானே செயின் டைட் வைக்கப் போறேன்” என்று ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டான் அவன்.

மனைவி பதறினாள். “உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? சத்தம் பாட்டுக்கு வரட்டுமே.”

“வண்டின்னா சத்தம் வரத்தான்டா செய்யும்” என்று அப்பாவும் ஒத்து ஊதினார்.

அவனை மட்டம் தட்டுவதென்றால் மாமனாரும் மருமகளும் எப்போதும் ஒரே கட்சி. அந்த வீம்பிலேயே வேலையில் இறங்கினான். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அளவுக்கோடும் சமமாக நிற்கும்படி திருகுவதற்குள் முழங்கைவரை கிரீஸ். நாலாவது தடவைதான் சக்கரம் கோணாமல் நின்றது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். போன வண்டி பூனை மாதிரி திரும்பி வந்தது. பெருமை தாங்காமல் உள்ளே விரைந்தவன், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

இனிப்பே தொடக்கூடாது என்று அவன் கட்டுப்படுத்தி வைத்திருந்த சர்க்கரை நோய்க்கார அப்பாவின் கையில், கிண்ணம் நிறைய ஐஸ்கிரீம்!

“அவன் வந்துடப் போறாம்மா...”

“நிதானமாச் சாப்பிடுங்க மாமா. அவர் டைட் வெச்ச செயினாச்சே, தெருமுனை திரும்பறப்பவே ஊரைக் கூட்டிடாதா?”