முதல் கியர் விழ மறுக்கிறது

ஆற்றின் விளிம்பில் பிக்கப் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஸ்டெய்னுன் கிளட்சைத் தரையோடு அழுத்தி, கியர்க்கம்பை முதல் கியருக்குத் தள்ளுகிறாள். நறநறவென்று சத்தம், கம்பு திமிறித் திரும்பி வருகிறது. பக்கத்தில் அண்ணன் ஹால்கிரிமுர். செம்மறிப்பட்டியின் இரும்புக் கதவில் நசுங்கிய கையைக் கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறான். கம்பளி ஊறிக் கறுத்துவிட்டது. மருத்துவர் இருப்பது அக்கரையில். மதிய வெயிலில் பனிமலை உருகி, சாம்பல் நிறத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. காலையில் முழங்கால் உயரத்துக்குத் தெரிந்த பாறை இப்போது வெறும் சுழிப்பு.

"ரெண்டாவதுலயே இறக்கேன். திணறினா நடுவுல மாத்திக்க."

"நடு ஆத்துல கிளட்ச மிதிச்சா தண்ணி உள்ள போயி கிளட்ச் வழுக்கும்ணே, சக்கரம் சுத்தாது. அப்புறம் நேரா கடலுக்குத்தான்."

"அப்ப நாளைக்குப் போலாம். எனக்கென்ன, இன்னொரு கை இருக்கே." சிரிக்கப் பார்க்கிறான். உதடு வெளுத்திருக்கிறது.

எஞ்சினை அணைத்தால் கியர் விழும். ஆனால் இந்த பேட்டரி காலையில் மூன்று தடவை கெஞ்சவிட்டுத்தான் உயிர் பெற்றது. அணைக்கிறாள். ஆற்றின் இரைச்சல் வண்டிக்குள் நிறைகிறது. கம்பு ஒரு முனகலும் இல்லாமல் முதல் கியரில் இறங்குகிறது. கிளட்சை விட்டுவிட்டு, கியரிலேயே வைத்துச் சாவியைத் திருப்புகிறாள். ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். எஞ்சின் பிடித்துக்கொள்ள, முன்சக்கரங்கள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. தண்ணீர் கதவில் அறையும்போதெல்லாம் தானாகக் கிளட்சைத் தேடிப் போகும் இடதுகாலை, அவள் இருக்கைக்கு அடியில் மடக்கி அழுத்திக்கொள்கிறாள்.