டயர் கடை மாடிச் சபை

"டயர் கடைக்கு மேலயா? போயும் போயும் டயர் கடைக்கு மேலயா உங்களுக்குச் சபை கிடைச்சது?"

அண்ணி தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவளுக்கு ஏழாம் வகுப்புதான்.

தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க அண்ணி. காபி போடட்டுமா?"

"காபி குடிக்க வரலை. நீ பிறந்தது கத்தோலிக்கம். வாக்கப்பட்டு வந்தது ஆங்கிலிக்கன். இப்ப கைதட்டுற பெந்தெகொஸ்தே. அடுத்த வருஷம் எதுன்னு இப்பவே சொல்லிட்டா நாங்களும் தயாரா இருப்போம்."

"அங்க பாட்டு நல்லாயிருக்கு அண்ணி."

"ஏன், எங்க பாட்டு ஊசிப் போச்சா? என் வீட்டுக்காரர் ஆலயத்துக் கமிட்டிச் செயலாளர். 'உங்க மச்சினன் எங்க, ஆளையே காணோமே'ன்னு ஆளாளுக்குக் கேட்கிறாங்க. அந்த மனுஷன் முகத்தை எங்க கொண்டு வச்சுக்குவாரு?"

"வண்டி நிறுத்தவும் அங்க இடம் வசதியா..."

"நீ கர்த்தரைத் தேடிப் போறியா, பார்க்கிங் தேடிப் போறியா?"

பொய் சொல்லிப் பழகாதவள் சொன்னால் இப்படித்தான், இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும்.

உண்மையான காரணம் ஒன்று இருந்தது. ஆனால் அது புருஷனுடைய ரகசியம். அவன் வாயால் சொல்லாதவரை அவள் சொல்வதாக இல்லை. கெட்ட பெயர்தானே, தன் தலையிலேயே விழட்டும் என்று நின்றாள்.

"தாத்தா காலத்துல இருந்து அந்த ஆலயத்துல எங்க குடும்பம் உட்கார்ற பெஞ்சு இருக்கு. என் தம்பி தங்கமான பிள்ளை. அவனா எங்கேயும் போகமாட்டான். நீதானே இழுத்துட்டுப் போனே? இல்லேன்னு சொல்லு பார்ப்போம்!"

"ஆமா அண்ணி. நான்தான்."

உள்ளறைக் கதவு திறந்தது. லிஃப்ட் மெக்கானிக் தம்பி பனியனோடு வந்து நின்றான். அவன் வேலைச் சட்டை இன்னும் இஸ்திரி மேஜையில்தான் கிடந்தது.

"அவளைத் திட்டாதேக்கா. நான் குடிகாரன்."

அண்ணி சிரித்தேவிட்டாள். "போடா, விளையாடாம!"

"விளையாடலைக்கா. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே குடிக்கிறேன். இவளைத் தவிர யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒருவழியா நிறுத்தினேன். அப்புறம் ஒரு ஞாயிறு நம்ம ஆலயத்துல திருவிருந்து. எல்லாரும் ஒரு வாய் குடிக்கிற பாத்திரத்துல இருக்கிறது நிஜமான மது. காலையில அங்க ஒரு வாய். சாயங்காலம் கடையில ஒரு பாட்டில். மறுநாள் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி நிக்கிறேன், கையில ஸ்பேனர் நிக்கமாட்டேங்குது. கூட இருந்தவன் பிடிச்சு இழுக்கலேன்னா இன்னிக்கு உனக்குத் தம்பியே கிடையாது."

அண்ணியின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"பாத்திரம் வரும்போது வேண்டாம்னு எழுந்து வந்திருக்கலாமேடா."

"எல்லாரும் வரிசையா முழங்கால்ல நிக்கிறப்ப நான் மட்டும் எழுந்து வர்றதா? நல்லா இருக்கு! நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள என்னென்ன பாவம் பண்ணியிருப்பேன்னு பட்டியலே போட்டு முடிச்சிருப்பாங்க."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் இவ ஞாயிறு ஞாயிறா ஒவ்வொரு சபையா ஏறி இறங்கினா. பெயர்ப்பலகையில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலை. ஒரு இடத்துல போதகர் திருவிருந்தோட தத்துவத்தை அரை மணி நேரம் விளக்கினாராம். பொறுமையா கேட்டுட்டு, 'ஐயா, பாத்திரத்துல இருக்கிறது புளிச்சதா, புளிக்காததா? அதை மட்டும் சொல்லுங்க'ன்னு கேட்டாளாம். கடைசியில டயர் கடை மாடியிலதான் வெறும் திராட்சைச் சாறு. ஏழு மாசமாச்சு. நான் தொடலைக்கா."

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் மனைவிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. கூடவே பயமும் வந்தது. தங்கமான பிள்ளை என்று சொன்ன அதே வாய் இனி என்ன சொல்லுமோ? இவன் கஷ்டப்பட்டு எழுந்து நிற்கிறான், ஒரு சொல் போதும் மறுபடி சாய.

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"சாறுதானா? நல்லாத் தெரியுமா?"

"போதகரோட மனைவி பழம் பிழியும்போது நானே பக்கத்துல நின்னு பார்த்தேன் அண்ணி. சர்க்கரைகூடப் போடலை."

"ஆராதனை எத்தனை மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு. ஏன் அண்ணி?"

அண்ணி எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியைக் குரல் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அடுத்த வாரம் எங்களுக்கும் ரெண்டு நாற்காலி பிடிச்சு வைம்மா. என் வீட்டுக்காரரை எந்தச் சபைக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா நானும்தான் முழிச்சிட்டிருக்கேன்."