மடியில் வைத்த பாட்டில்

1998இல் அரியூர் நாடு என்ற மலையூரின் ஆய்வுக்கூடத்தில் அனுராதா தனியாளாகச் சாமையின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். புரதத்தின் முடிச்சை அவிழ்க்கும் எஸ்.டி.எஸ். சோப்புக் கரைசல் மலைக்குளிரில் தினமும் வெள்ளையாக உறைந்துவிடும்.

"குடு கண்ணு, மடியில வெச்சா கரைஞ்சிரும்," என்று, கூட்டிப் பெருக்க வரும் மாதம்மாள் பாட்டிலைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு உட்காருவாள். அவளை விட்டால் அனுராதாவுக்குப் பேச்சுத்துணை கிடையாது.

மார்கழியில் மாதம்மாள் இறந்துபோனாள். அதற்குப் பிறகும், காலையில் பூட்டைத் திறந்தால், கரைசல் தெளிந்து பாட்டில் வெதுவெதுப்பாகவே இருந்தது.

"நான் உள்ள போகவே இல்லீங்க," என்றார் காவலாளி ராசு.

அனுராதா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை.

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பிய காலையில் பாட்டில் உறைந்து கிடந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போதுதான் கவனித்தாள். எப்போதும் குளிரில் விறைத்துப்போகும் அவளுடைய கைகள், யாரோ மடியில் பொதிந்து வைத்திருப்பதுபோல், வெதுவெதுப்பாக இருந்தன.