குறைத்த பத்துப் புள்ளி

"என்ர பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்கிறதுக்கோ மிஸ் உங்களுக்குச் சம்பளம்?"

சிவபாதசுந்தரம் மேசையில் அடித்த அடியில் விரிவுரையாளர் கொன்ஸ்ரன்ஸின் தேத்தண்ணி கோப்பைத் தட்டில் சிந்தியது. மனிதர் வெள்ளவத்தையில் ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தா. கையில், மகள் ஆரணியின் பையில் கண்டெடுத்த அந்தோனியார் படம்.

"இருங்கோ ஐயா. இஞ்ச பட்டப் படிப்புக்கு வாற எல்லாருக்கும் சமயமும் ஒரு பாடம். தன்ரதல்லாத ஒரு சமயத்தை நேரில போய்ப் பார்த்து, அங்க வாற ஆக்களைப் பேட்டி கண்டு எழுதவேணும். ஆரணி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைத் தெரிவு செய்தவ."

"பொருளியல் படிக்க வந்தவளுக்கு என்னத்துக்கு அந்தோனியார்?"

"போன தவணை கத்தோலிக்கப் பிள்ளையள் உங்கட கோயிலுக்கு வந்தவை. நீங்களே கூப்பிட்டுப் பொங்கல் குடுத்தனீங்கள்."

"அது வேற!"

கொன்ஸ்ரன்ஸுக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாகத் தேவாரமும் புத்த தர்மமும் படிப்பிக்கிறவள் வேதத்துக்கு ஆள் பிடிக்கிறாளாம்!

"எங்கட ஆக்களில ஒருத்தன் அந்த வாசல்படி மிதிப்பானோ? எனக்கிருந்த ஒரு பெடியனும் வெளிநாட்டுக்கெண்டு படகில போய் மூண்டு வருஷமாச் சத்தமில்லை. மிஞ்சினது இவள் ஒருத்தி. இவளையும் உங்களிட்டத் தூக்கிக் குடுக்கவோ? நாளையில இருந்து வரமாட்டாள். படிச்சது காணும்!"

இனிப் பொறுக்க ஏலாது. கொன்ஸ்ரன்ஸ் மேசை லாச்சியை இழுத்து ஆரணியின் கட்டுரையை எடுத்தாள்.

"உங்கட ஆக்கள் போறவையோ இல்லையோ எண்டு உங்கட மகளே எழுதியிருக்கிறா. வாசிக்கிறன், கேளுங்கோ."

கோபத்தில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. லேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். திருநீறு அழிந்துபோயிற்று. உடனே சேர்ட் பையிலிருந்து ஒரு சின்னச் சித்தாலேப டப்பியை எடுத்துத் திறந்தார். உள்ளே தைலம் இல்லை, திருநீறு. மூன்று விரலால் அள்ளிப் பூசிக்கொண்டார்.

"ம், வாசியுங்கோ!"

கொன்ஸ்ரன்ஸின் கண் தாளிலேயே நின்றது.

'அந்தச் சைவப் பெரியவர் வாசலில் நின்று திருநீற்றை லேஞ்சியால் துடைக்கிறார். உள்ளே போய் மெழுகுதிரி ஏற்றி, முழந்தாளில் நின்று அழுகிறார். வெளியே வந்ததும் ஒரு சித்தாலேப டப்பியைத் திறந்து மறுபடி பூசிக்கொள்கிறார்.'

கட்டுரையை மூடினாள்.

"பிழை என்னிலதான் ஐயா. ஆரணி இனி அங்க போகத் தேவையில்லை. படிப்பை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"அப்பிடி வழிக்கு வாங்கோ! சரி, வரட்டும்." சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு."

படி இறங்கும் சத்தம் ஓய்ந்தது. பிறகு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'பேட்டி எடுக்கவில்லை. சாக்குப்போக்கு. பத்துப் புள்ளி குறைவு' என்று போன கிழமை தானே எழுதிய சிவப்பு எழுத்தைக் குறுக்கே வெட்டினாள்.

அதற்கு மேலே ஆரணியின் கடைசி வரி இருந்தது:

'நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னைக் கண்டால் அவர் அடுத்த செவ்வாய் வரமாட்டார்; அழுவதற்கு அவருக்கு வேறு இடமும் இல்லை.'