வெள்ளைமேடு

ஜேசிபி ஓட்டுகிற பிரபாகரன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கொளஞ்சிநாதன் தன் மகளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அவளுக்கு வயது மூன்று நாள். புதைத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

"முயல் பொம்மையோ யானைப் பொம்மையோ, ஒரே ஒரு எடத்தக் காட்டுங்க பெரியவரே. கட்டில் அகலத்துக்கு வுட்டுட்டுத் தள்ளுறேன். ரெண்டு எடம்னு வந்தீங்கன்னா மேஸ்திரி என்னையும் சேத்துப் பொதைச்சுடுவாரு" என்று சிரித்துவிட்டு அவன் பிளாஸ்கைத் திறந்தான்.

மேடு எதிரே மல்லாந்து கிடந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்காது. ஆள் வந்தால் ஆளும் நிற்கமாட்டான். முன்னொரு காலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் என்பார்கள். மண் எடுக்கப் போனவர்கள் மண்வெட்டியில் ஓடு தட்டிப் பயந்து திரும்பியிருக்கிறார்கள். பிறகு பக்கத்து ஊர் ஆடுகள் மேய்ந்தன. பிறகு முந்திரி நட்டுப் பார்த்தார்கள், பாதி பட்டுப்போனது. காற்று ஒன்றுதான் அங்கே நிலையாகக் குடியிருந்தது.

செம்மேடு என்றுதான் அதற்குப் பேர். இப்போது எல்லோரும் வெள்ளைமேடு என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் உடைந்த பீங்கான். பிடி போன கப்பு, விரிசல் விட்ட பியூஸ் கட்டை, தலையில்லாத பொம்மை. விருத்தாசலத்துக் கம்பெனிகள் கழித்ததெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தது.

அதற்கு வழி காட்டிவிட்டவர் கொளஞ்சிநாதன்.

அப்போது அவர் பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்கூழ் ஊற்றிப் பொம்மை எடுக்கிற ஆள். பேர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது. தகப்பன் துணியில் சுற்றித் தூக்கிப்போக வேண்டும், புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், இடத்தைத் தாயிடம் சொல்லக் கூடாது. அடையாளம் வைக்கிற வழக்கமே இல்லை.

அவர் வைத்தார்.

கல்லை வைத்தால் ஆடு உருட்டிவிடும், குச்சி நட்டால் கறையான் தின்னும், பீங்கான்தான் ஏழு தலைமுறைக்கும் மக்காது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒரு காது இல்லாமல் கழிபட்ட முயல் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போனார். கழுத்தளவு புதைத்து, முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் கழிவு ஏற்றி வந்த டிராக்டர்காரன், பீங்கான் கிடக்கிற இடம்தானே என்று அங்கேயே கவிழ்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவன்.

சொர்ணாம்பாள் இத்தனை வருஷத்தில் புருஷனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேட்டைச் சமமாக்கி சோலார் தகடு நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நேற்றுதான், முழங்கால் வலிக்கு மாத்திரையைப் பிய்த்துக்கொண்டே, "அந்த எடத்தையுமா?" என்றாள்.

எந்த இடம் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

காலால் ஒதுக்கினார். கையால் ஒதுக்கினார். முயல்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒற்றைக் காது முயல் மட்டுமே இருபது தேறும். அந்த அச்சுக்கு அப்படி ஒரு கோளாறு. காது அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் கவிழ்ந்தும் சரிந்தும் கிடந்தன. கொட்டினவை. நட்டது ஒன்றுகூட இல்லை.

விரல் அறுபட்டு ரத்தம் வந்தது. பீங்கானில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது.

"பெரியவரே, டம்ளர் காலி!"

பட்டுப்போன முந்திரி ஒன்றின் தூரில் அப்போதுதான் அதைப் பார்த்தார். கழுத்தளவு மண்ணில் நிமிர்ந்து நின்றது. முகம் ஊர்ப்பக்கம்.

வாத்து.

கொளஞ்சிநாதன் உட்கார்ந்தார். சுற்றியிருந்த மண்ணை நகத்தால் கிளறி, வாத்தைப் பூப்போல எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இருந்த குழியிலேயே இருந்த மாதிரியே வைத்து மண்ணை அணைத்தார்.

ஜேசிபி உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது.

"இதுதான் தம்பி" என்றார்.

பிரபாகரன் எட்டிப் பார்த்தான். "முயலுன்னீங்க. இது வாத்தால்ல இருக்குது?"

"வயசாச்சுல்ல. மாத்திச் சொல்லிட்டேன்."

அவன் இறங்கி வாத்தைச் சுற்றி நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு வண்டியில் ஏறினான். மற்ற மேடு சரியத் தொடங்கியது. ஒற்றைக் காது முயல்கள் மண்ணோடு மண்ணாக உருண்டு போயின. கொளஞ்சிநாதன் கோட்டுக்குள் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

கம்பெனியில் எது யார் எடுத்த பொம்மை என்று தெரிய, ஈரம் காய்வதற்குள் அடியில் ஆளுக்கொரு குறி கீறுவார்கள். கொளஞ்சிநாதனுடையது ஒற்றைக் கோடு. வாத்தின் அடியில் இருந்தது ஒரு சுழி.

சுழி என்றால் கோவிந்தசாமி. பத்தொன்பது வருஷம் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கூழ் ஊற்றியவர். போன ஆடியில் செத்துப்போனார். வாய் ஓயாத மனுஷன். பெண்டாட்டியோடு போட்ட சண்டையைக்கூட ஒளிக்காமல் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும், "நமக்கு ரெண்டு. ரெண்டும் சிங்கம்" என்பார்.

மூன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை.