பூதத்தின் முகம்

ஒரு விளையாட்டுப் பலகையின் நடுவே களிமண் பூதம் ஒன்று மலை மாதிரி நின்றது. அதன் காலடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மர வீரன். பகடை உருளும், வீரன் வெட்டுவான். மறுபடி உருளும், பூதம் உதைக்கும். வாரக்கணக்காக இதே கதைதான். பூதத்துக்கு உயிர் அதிகம், லேசில் சாகாது. சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"இன்னியோட நம்மளத் தூக்கிப் பரண்ல போடப் போறாங்களாம்," என்றது பகடை.

வீரனுக்குப் பரணைவிட வேறொன்று உறுத்தியது. "பூதண்ணே, தப்பா நினைக்காதீங்க. இத்தனை நாளா உங்க கால் நகத்தோடதான் சண்டை போட்டுட்டிருக்கேன். உங்க முகம் எப்படி இருக்கும்?"

பூதத்திடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "பெரியவன் அசையக் கூடாதுன்னு இருந்துட்டேன்டா," என்று முனகிக்கொண்டே மெல்லக் குனிந்தது. முழங்கை பட்டு அட்டைக் கோபுரம் சரிந்தது. வால் திரும்பியதில் பாலம் இரண்டாகப் பிளந்தது. வீரன் உருண்டு, தாவி, பூதத்தின் மூக்கைப் பிடித்துத் தொங்கினான். ஆடுகிறவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள்.

தொங்கியபடியே வீரன் உற்றுப் பார்த்தான். "அண்ணே, இந்தக் கன்னத்துல உங்களுக்குக் குழி விழுது."

முகம் வாள் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டதால், அன்றுதான் பூதம் முதன்முறையாகத் தோற்றது. அவர்களை எடுத்துவைத்த ஆட்டப் பெட்டி பரணுக்குப் போகவில்லை; மேசைமேலேயே இருந்தது. உள்ளே படுத்ததும் பூதம் வீரனிடம் மெதுவாகக் கேட்டது:

"இன்னொரு கன்னத்தை நாளைக்குப் பார்க்கிறியா?"