கோடு இல்லாத வட்டம்

அன்னபாக்கியத்தின் பேரை ஒருவரும் எழுதவில்லை. பிழை அங்கேதான் நடந்தது.

தர்மபுரத்துக்கு அங்கால் எங்கள் ஊர், மூன்றாம் வாய்க்கால். முப்பத்து நாலு வீடு. போன கிழமை வீட்டுக்கு ஒரு கடதாசித் துண்டு, துண்டுக்கு மூன்று பேர் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். ஒன்றிலும் அவா இல்லை.

காணிக் கந்தோரிலிருந்து வந்த யோகலிங்கம் பெரிய மட்டை ஒன்றைப் பள்ளிக்கூடக் கொட்டிலில் தொங்கவிட்டான். வீட்டுக்கு ஒரு வட்டம். எழுதின ஆளிலிருந்து எழுதப்பட்ட ஆளுக்கு ஒரு கோடு. சங்கக்கடை கனகலிங்கத்தின் வட்டத்துக்கு மட்டும் பத்தொன்பது கோடு. மூலையில் அன்னபாக்கியத்தின் வட்டம் மொட்டையாகக் கிடந்தது.

"இதென்ன தம்பி விளையாட்டு?" என்றேன்.

"விளையாட்டில்லை ஐயா. அவசரத்துக்கு ஆரிட்டப் போவீங்கள் எண்டு கேட்டனான். நீங்கள் எழுதினதைக் கீறினனான். ஊரை அளக்கிறது இப்பிடித்தான்."

"ஊரை அளக்கிறதெண்டால் சங்கிலியைக் கொண்டு வாரும்."

அவன் சிரிக்கவில்லை.

"அவவின்ர புருசன் செத்து இரண்டு வருசம். காணிப் பேமிற் இன்னும் அவவின்ர பேருக்கு மாறேல்லை. 'ஊரோட ஒட்டில்லாத தனி மனிசி, காணி செய்யேலாது' எண்டு ஒருத்தர் மனுப் போட்டிருக்கிறார். உண்மையோ எண்டு பாக்கத்தான் என்னை அனுப்பினவை. இந்த மட்டை கந்தோருக்குப் போனால் காணி போயிடும்."

"மனுப் போட்டது ஆர்?"

"அது சொல்லேலாது ஐயா."

கொட்டில் இரைந்தது.

"எழுதினவன்ர கை அழுக!" என்று கத்தினான் தவராசா.

"கத்தாதை. நீ அவவை எழுதினியோ?" என்றேன்.

"நான்... கனகலிங்கத்தாரை எழுதினன். நீங்கள் அண்ணை?"

நானும் கனகலிங்கத்தைத்தான். அவனிடம் உழவு றக்ரர் இருந்தது. கேட்டு ஒருநாளும் வந்ததில்லை. அது வேறு.

"அவவைக் கூப்பிடுங்கோ, கேப்பம்," என்றான் யோகலிங்கம்.

"அவா எங்கட வீட்டில," என்றான் நடராசா. "மனிசிக்குப் பிள்ளை பிறக்கிற வயித்துக்குத்து. நீ நிண்டு என்ன செய்யப்போறாய் எண்டு என்னை இங்க கலைச்சுப்போட்டா."

"நீங்களும் அவவை எழுதேல்லை," என்றான் யோகலிங்கம்.



"அவா ஆரை எழுதினவா?" என்றேன்.

"வெறுந்துண்டு ஐயா."

பின் வாங்கில் கதிர்காமநாதன் எழும்பினான். அன்னபாக்கியத்தின் பக்கத்துக் காணிக்காரன். மூன்று வருசமாய் வரம்புச் சண்டை. இரண்டு பேருக்கும் கதைபேச்சில்லை.

"இரும் காணும்! காணி இன்னும் பறிபடேல்லை. அதுக்குள்ள அதை உமக்குத் தரச்சொல்லிக் கேக்க எழும்பியிட்டீர்," என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி, உம்மட கேள்வி பிழை."

"என்ன பிழை?"

"ஆரிட்டப் போவீங்கள் எண்டு கேட்டீர். அவவிட்டப் போக அவா எங்க விட்டவா? போன மாசம் என்ர பெடிச்சிக்கு மலேரியாக் காய்ச்சல். என்ர மனிசி அழுதது வேலிக்கு அங்கால கேட்டிருக்கு. கஞ்சிப் பானையோட வந்து நிண்டா. மூண்டு நாள். என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. காய்ச்சல் விட்டுது, பானையைத் தூக்கிக்கொண்டு போட்டா."



"அப்ப எப்பிடிக் கேக்கிறது?"

"கூப்பிடாமல் உங்கட வீட்டுக்கு வந்தது ஆர் எண்டு கேளும். ஒரு பேர் போதும். வேற மட்டையில கீறும்."

யோகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தான். "நாலு மணி பஸ்..."

"பஸ் நாளைக்கும் வரும். துண்டைக் குடும்."

கதிர்காமநாதன் வாசலை மறித்து நின்றுகொண்டான். "எழுதாமல் ஒருத்தரும் வெளியில போகேலாது."

பஸ் போய்விட்டது. முப்பத்து மூன்று துண்டு சேர்ந்தது. யோகலிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீறினான். கீறக் கீற, மூலை வட்டத்தைச் சுற்றி வெள்ளை தெரியாமல் போயிற்று. கனகலிங்கமும் அன்னபாக்கியத்தைத்தான் எழுதியிருந்தான்.

காலபோக நெல் விதைக்க முந்தி பேமிற் வந்தது, அவவின் பேரில். வரம்புச் சண்டை தீரவில்லை. அந்த விதைப்புக்கும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பேமிற்றைக் கொண்டுவந்த யோகலிங்கத்தை நான் விடவில்லை.

"இப்பவெண்டாலும் சொல்லும். அண்டைக்கு அந்த மனுப் போட்டவன் ஆர்?"

அவன் சைக்கிளில் ஏறினான்.

"அந்தக் காய்ச்சலுக்கு முந்திப் போட்டது. மட்டையைத் திருத்தின ஆள்தான் ஐயா."

கதிர்காமநாதன்.